பதினொன்று இருபது

"மூணு மணிக்குப் போய்ப் படுங்க மதினி, நாலு மணிக்கு நான் வேனோட வந்துருதேன், அதுவரைக்கும் எதையும் போட்டு உருட்டிக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான் பாக்கியநாதன். படுப்பாளா எப்சிபா? பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி, ஒரு மத்தியானம்கூட மேஜையில் தலை சாய்க்காதவளை அறுபத்தேழாவது வயதில் போய்ப் படு என்கிறான். சொல்லட்டும். கொழுந்தன் அல்லவா, அண்ணன் போனபிறகு குடும்பத்துக்கு மூத்த ஆண் அவன்தானே, சொல்லத்தான் செய்வான். அண்ணன் போய் இன்றைக்கு முப்பத்தோராம் நாள். நேற்று அவள் புருஷன் ஞானசிகாமணியின் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து, பிரியாணியும் முடிந்து, கைகழுவின ஈரம் காய்வதற்குள் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டார்கள். கூடத்து மூலையில் நிற்கிற ஆள் உயரக் கடிகாரம் வழக்கப்படி பாக்கியநாதன் வீட்டுக்கு. எப்சிபா கோயம்புத்தூரில் மகன் ரூபன் வீட்டுக்கு. வீடு பூட்டிக் கிடக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடிகாரமும் அவளும் ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு, காலையில் ஆபீஸ் இருக்கிறது என்று ரூபன் பெண்டாட்டியோடு நேற்றே பஸ் ஏறிவிட்டான். அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், கேட்டார்கள். "டீ போடுதியளா?" என்று கேட்டார்கள். போட்டுக் கொடுத்தாள், பதினோரு பேருக்கு, இரண்டு பேருக்குச் சீனி இல்லாமல். அந்த டீயை நினைத்தால்தான் காலையிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கடிகாரத்துக்கு முன்னால் நின்றாள். நெட்டையன் என்றுதான் இந்த வீட்டில் அதற்குப் பெயர். மாமனாரின் அப்பா சபையில் உபதேசியாராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பின ஒரு துரைசாணி கொடுத்துவிட்டுப் போனது. மேலே வட்ட முகம், கீழே நீள வயிறு, வயிற்றுக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு ஈயக்கட்டிகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் பெண்டுலம், அதன் நுனியில் பித்தளைத் தட்டு. முள் பதினொன்று இருபதில் நிற்கிறது. முப்பது நாளாய் அதே பதினொன்று இருபது. அண்ணன் மூச்சு நின்ன நேரத்துல நெட்டையனும் நின்னுட்டான், எஜமான் போன துக்கம் மரத்துக்கும் இரும்புக்கும் கூட இருக்கு பாருங்க. யார் முதலில் சொன்னதென்று தெரியாது, மூன்றாம் நாளைக்குள் தெருவைத் தாண்டிவிட்டது. பாஸ்டர் அதை ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். அவர் மூச்சு நின்றது காலை ஐந்து நாற்பதுக்கு. பக்கத்தில் படுத்திருந்தவள் இவள், அவர் நெஞ்சில் கை வைத்தபடியே சுவரில் இருந்த சின்னக் கடிகாரத்தைப் பார்த்தவள் இவள். பதினொன்று இருபதுக்கு நடந்தது என்ன என்றால், கூடத்தில் சவப்பெட்டி வைக்க இடம் பத்தவில்லை என்று பாக்கியநாதனும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து, நெட்டையனைச் சுவரோடு பிடித்திருந்த திருகாணியைப் பிடுங்கி, பெண்டுலத்தைக் கழற்றாமலே அலாக்காகத் தூக்கி நாலடி தள்ளி வைத்தார்கள். நின்றுபோனது. அவள் அழுதுகொண்டும் இருந்தாள், பார்த்துக்கொண்டும் இருந்தாள். பரீட்சை ஹாலில் நின்று பழகின கண் அப்படித்தான், துக்கத்திலும் ஓரமாய் ஒரு பார்வை இருக்கும். பத்தாம் நாள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஞானசிகாமணி செத்ததே பதினொன்று இருபதுக்கு என்றார்கள். நேற்று அச்சடித்து வந்த நினைவு அட்டையில் காலை 11.20 என்றே போட்டிருந்தது. ஒரு மனிதன் செத்த நேரத்தையே மாற்றிவிட்டார்கள், கேட்க நாதி இல்லை. நடுவில் ஒருநாள் ரூபன் பெண்டுலத்தைக் கையால் தள்ளிவிட்டுப் பார்த்தான், பத்து நிமிஷம் ஓடி நின்றது, முள்ளைத் திரும்பப் பதினொன்று இருபதுக்கே தள்ளி வைத்துவிட்டான். அது போதாதா அவர்களுக்கு. அது சாய்ந்து நிற்கிறதுடா என்று சொல்ல இவள் வாய் திறந்தாள், "அத்தைக்கு மனசு சரியில்ல, உள்ள வாங்க அத்தை" என்று மருமகள் ஷைனி தோளைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டாள். அங்கேதான் விஷயம். கடிகாரம் அவரோடு நின்றுவிட்டது என்றால் அவளும் நின்றுவிட்டாள் என்று கணக்கு. ஓடாத சாமான் இரண்டையும் அப்புறப்படுத்துகிறார்கள். இன்றைக்கு ரயில் ஏறினால் அவள் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாள், அது அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், டீ குடித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

கண்ணாடிக் கதவைத் திறந்தாள். பழைய எண்ணெயும் புழுக்கமும் கலந்த வாடை. உள்ளே மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. பித்தளைத் தட்டை விரலால் ஓரமாய் ஒதுக்கி விட்டாள். ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டிக், டாக். டிக், டாக் என்று வரவேண்டியது டிக்-டாக், அப்புறம் கொஞ்சம் நேரம் சும்மா, திரும்ப டிக்-டாக் என்று வந்தது. நொண்டுகிறது. அவ்வளவுதான் சமாச்சாரம், இதற்கா இத்தனை ஜெபம். பெண்டுலம் எப்போதும் நேர் கீழேதான் தொங்கும், அதைச் சாய்க்க யாராலும் முடியாது. சாய்ந்தது பெட்டி. பெட்டி சாய்ந்தால் பல்சக்கரத்தை மறித்துப் பிடிக்கிற நங்கூரம் ஒரு பக்கம் சீக்கிரம் மாட்டும், மறுபக்கம் மெதுவாய் மாட்டும், ஒரு பக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளு மறுபக்கத்துக்குக் கிடைக்காது, பத்து நிமிஷத்தில் ஆட்டம் செத்துவிடும். இடக்கால் கூடத்துத் தரையில் பழைய கல் புதைந்த பள்ளத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் துக்கமும் வேண்டாம், ஆத்துமாவும் வேண்டாம், காது போதும். ஆனால் காதைப் பற்றி யார் பேசினார்கள், அவர்கள் பேசினதெல்லாம் விழுவதைப் பற்றி. "அம்மா, நீங்க தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?" ரூபன்தான் கேட்டான், அன்பாய்த்தான் கேட்டான், கண்கூடக் கலங்கியிருந்தது. விழுந்து கிடந்தா. எங்கே விழுந்து, குளியலறையிலா, அடுப்படியிலா, எப்படிக் கிடந்து, குப்புறவா மல்லாந்தா, எத்தனை நாள். விழுந்து கிடந்தா. இந்த இரண்டு வார்த்தை நேற்றிலிருந்து பல்லில் சிக்கின நார் மாதிரி போகமாட்டேன் என்கிறது. விழுவதைப் பற்றி இவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா? முப்பத்தொரு வருஷம் போர்டில் நான் எழுதினது வேறென்ன, வினாடிக்கு வினாடி ஒன்பது புள்ளி எட்டு மீட்டர், எல்லாமே விழும் பிள்ளைகளா, விழாதது ஒன்றும் இல்லை என்றுதானே ஆரம்பிப்பேன். அவனையும் அந்த வகுப்பில் உட்கார வைத்திருக்கலாம், அது பெண்கள் பள்ளியாய்ப் போயிற்று.

அடுப்படிக்குப் போய்த் தோசைத்திருப்பியையும், அலமாரியில் மிச்சமிருந்த அவருடைய பிரஷர் மாத்திரைப் பெட்டிகளையும் எடுத்து வந்தாள். மாத்திரை இன்னும் இருபது நாளைக்கு இருக்கிறது, ஆள்தான் இல்லை. பெட்டியைக் கிழித்து அட்டையாய் மடித்தாள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று பதினைந்து வருஷமாய் தினமும் கேட்பார். பின்னால் என்று பதினைந்து வருஷமாய் தினமும் சொன்னாள். இப்போது யாரும் கேட்கவில்லை, அதுவும் ஒரு மாதிரியாய்த்தான் இருக்கிறது. இருக்கட்டும், அழுவதற்கு நேரம் இல்லை, மணி மூன்றேகால் ஆகிவிட்டது. குனிந்து, தோளை நெட்டையனின் விலாவில் கொடுத்து ஒரு நெட்டு நெட்டி, திருப்பியை இடக்காலுக்கு அடியில் விட்டு அட்டையைச் செருகினாள். ஒன்று. எழுந்து கேட்டாள். இன்னும் நொண்டல். திரும்பக் குனிந்தாள். இந்தக் கூடத்துக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கோயிலிலிருந்து வந்ததும் எல்லோரும் நெட்டையனுக்கு முன்னால் நின்றார்கள். மாமனார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, முகத்தில் இருக்கிற இரண்டு துளையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். எட்டு நாள் கடிகாரம், வாரம் ஒரு தரம் கொடுத்தால் போதும். குடும்பத்து மூத்த ஆண்தான் கொடுக்க வேண்டும், பெண்கள் கை படக்கூடாது, உபதேசியார் போட்ட சட்டம். பி.எஸ்ஸி. முடித்த திமிரில் உள்ளே எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க இவள் ஓரடி முன்னால் வைத்தாள், மாமியார் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு ஆட்டுக்கறி.

மாமனாருக்குப் பிறகு சாவி ஞானசிகாமணிக்கு வந்தது. தாலுகா ஆபீஸில் தலையாட்டிக் கொண்டிருந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு மட்டும் அரையடி உயர்ந்து விடுவார். வாலிபர் சங்கத்துப் பையன்கள், ஒன்றுவிட்ட தங்கச்சிமார், யார் வந்திருந்தாலும் நின்று பார்க்க வேண்டும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியோடு போனவருக்குக் கை தோளுக்கு மேலே ஏறவில்லை. கர்ச்சீப்பைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவினார், இருமினார், சாப்பிட்டுவிட்டுப் பார்ப்போம் என்றார். அன்று சாயங்காலம் அடுப்படிக்கு வந்து, உப்பு ஜாடி பக்கத்தில் சாவியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் அவள் முக்காலி போட்டு ஏறிச் சாவி கொடுப்பாள், முழுக்க இல்லை, கடைசி ஒரு சுற்றை விட்டு வைப்பாள். மறுநாளைக்குள் கட்டிகள் கொஞ்சம் இறங்கி, ஒன்று மூன்றாகியிருக்கும். அந்த மூன்று சுற்றை ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அவர் கொடுப்பார், இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, அதையும் ஏதோ பயபக்தி என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். பதினான்கு வருஷத்துச் சனிக்கிழமை எத்தனை என்று பெருக்கிக் கொள்ளலாம், எழுநூறுக்கு மேல். ஒரு சனிக்கிழமைகூட ஊருக்குப் போனதில்லை, தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கும் போகவில்லை, முழங்கால் வலி என்றாள். அவர் நன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் முக்காலியில் ஏறும்போது தெருக்கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இறங்குகிறவரைக்கும் கதவிலேயே சாய்ந்து நிற்பார். அவளைக் காவல் காத்தாரா, தன் மானத்தைக் காத்தாரா? மானத்தைத்தான், வேறென்ன. இல்லை, ஒருதரம் முக்காலி ஆடினபோது ஓடிவந்து பிடித்தாரே, அந்த வராத கையாலேயே பிடித்தாரே, அப்புறம் இரண்டு நாள் வலியில் தூங்கவில்லையே. அதையும் சொல்ல வேண்டும். சரி, அதையும் சொல்லியாயிற்று. கோபம் அதனால் குறைந்துவிடவில்லை.

நேற்று பாஸ்டர் அந்தச் சாவியை ஜெபம் பண்ணிப் பாக்கியநாதன் கையில் கொடுத்தார், அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நல்லது, வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்கு அவளுக்குச் சாவியே வேண்டாம். அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால், அந்தச் சனிக்கிழமை அவள் கொடுத்தது அப்படியே உள்ளே இருக்கிறது, கட்டி இரண்டும் மேலேயே தொங்குகின்றன, அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று வீதம் இறங்கும். அவர் ஞாயிற்றுக்கிழமை கொடுத்த மூன்றில் இரண்டு தீர்ந்திருக்கும், ஒன்று மிச்சம். மனசுக்குள் கழித்துப் பார்த்தவளுக்குச் சட்டென்று கை நின்றது. அவர் கையால் திருகின ஒரு சுற்று இன்னும் இறங்காமல் மேலே இருக்கிறது, அரை நாள் ஓட்டம். இன்றைக்கு ஓட விட்டால் முதலில் தீர்வது அதுதான். ஓடாமல் விட்டால் இருக்கும். இதைத்தான் அவர்களும் செய்கிறார்களா, பாக்கியநாதனும் பாஸ்டரும், பதினொன்று இருபதில் ஆணியடித்து வைத்துவிட்டு அதையே அன்பு என்கிறார்களா? எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் சாவி கொடுத்தது ஓடுவதற்குத்தான், நிற்பதற்கு இல்லை. இரண்டாவது அட்டையைச் செருகினாள். கேட்டாள். நொண்டல் அரைவாசி போயிருந்தது. மூன்றாவது அட்டையை ஒரு மடிப்புக் குறைத்துச் செருகினாள்.

டிக், டாக். டிக், டாக். அளந்து வைத்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு இருபது எண்ணினாள், பழக்க தோஷம், பிள்ளைகளைத் தனிஊசல் சோதனைக்கு இருபது அலைவு எண்ணச் சொல்லி எண்ணச் சொல்லித் தானும் எண்ணுவாள். குண்டைப் பெரிதாக்கினால் வேகமாய் ஆடுமா மிஸ் என்று வருஷத்துக்கு ஒருத்தி கேட்பாள். மாட்டாது. நீளம்தான் கணக்கு, கனம் இல்லை. சித்திரை வைகாசி வெயிலில் தண்டு மயிரிழை நீண்டு நாளைக்கு மூன்று நாலு வினாடி பின்தங்கும், தட்டுக்கு அடியில் இருக்கிற மரையை ஒரு துளி ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். பெண்டுலம்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அவளும் ஒரு காலத்தில் நினைத்தாள். தப்பு. ஓட்டுவது ஈயக்கட்டி. கட்டிக்கு ஒரே ஒரு ஆசை, விழவேண்டும், இப்போதே, ஒரே வீச்சில் தரைக்குப் போய்விட வேண்டும். விட்டால் எட்டு நாள் எட்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும், முள் பேய் பிடித்துச் சுற்றும். பெண்டுலம் அதை விடுவதில்லை. ஒரு வீச்சுக்கு ஒரு பல், அவ்வளவுதான் உனக்கு, இரு. மறு வீச்சுக்கு இன்னொரு பல், இரு. நாம் கேட்கிற டிக் என்கிற சத்தம் சக்கரம் ஓடுகிற சத்தமே இல்லை, ஓடப் பார்த்த சக்கரம் தடுக்கப்பட்டு முட்டிக்கொள்கிற சத்தம். ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு தடவை மாட்டேன் என்று சொல்கிறது. விழுகிறதை நிறுத்த யாராலும் முடியாது, பெண்டுலத்தாலும் முடியாது. ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை அது தீர்மானிக்கும். எப்சிபாவுக்கு இது நெஞ்சில் இறங்கினபோது சிரிப்பு வந்தது, இத்தனை வருஷம் பாடம் நடத்தினவளுக்கு இன்றைக்குத்தான் பாடம் புரிகிறது. நேற்று பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரே ஒரு மாட்டேன் சொல்ல வாய் வரவில்லை. டீ போடுதியளா என்றதற்காவது சொல்லியிருக்கலாம்.

முள்ளைச் சரிசெய்ய முக்காலியில் ஏற வேண்டும். சாத்துவதற்குக் கதவில் ஆள் இல்லை. போன வாரம் சாயங்கால ஜெபத்தில் எல்லோரும் எழுந்து நின்றபோது அவளுக்குக் கண் இருட்டி, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரும் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே ரயில். வலதுகாலை வைத்தாள், இடதுகாலை வைத்தாள். பெரிய முள்ளை முன்னால் நகர்த்தினாள். பன்னிரண்டைத் தொட்டதும் நெட்டையன் அடிக்க ஆரம்பித்தது. முப்பது நாளைக்கு அப்புறம் அந்தச் சத்தம் வீட்டையே தூக்கிப் போட்டது. அடித்து முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் மணி கணக்குத் தப்பிவிடும். மூன்றாவது அடியில் கண்ணின் ஓரம் கறுத்தது, நாலாவதில் முகத்துத் தட்டில் இருந்த எண்கள் கலங்கின. விழுந்து கிடந்தா. இதோ, இப்போதுதான், இப்படித்தான், பாக்கியநாதன் நாலு மணிக்கு வந்து பார்ப்பான், முக்காலி ஒரு பக்கம் மதினி ஒரு பக்கம், நினைவு அட்டையில் நேரம் சரியாய்ப் போட அவனுக்கு இந்தத் தரமாவது வசதியாய் இருக்கும். பயம் வந்தது. உண்மையான பயம், அதை இல்லை என்று சொல்ல அவள் தயாராய் இல்லை. நெட்டையனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை மரத்தில் வைத்துக்கொண்டு, மீதி மணியை எண்ணினாள். ஒன்பது. பத்து. மரம் அடிக்கு அடி அதிர்ந்தது. பதினொன்று. பன்னிரண்டு. இருட்டு விலகியது. இறங்கிவிடலாம் என்று கால் சொன்னது. இறங்கவில்லை. ஒன்றுக்கு நகர்த்தினாள், அடித்தது. இரண்டு. மூன்று. மூன்று நாற்பத்திரண்டில் கொண்டு நிறுத்திக் கையை எடுத்தாள். முள் தானாக நகர ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு காலாக இறங்கி, முக்காலியிலேயே உட்கார்ந்தாள்.

வெற்றிதான். ஆனால் உட்கார்ந்து கேட்கக் கேட்க அவளுக்கு வேறொன்று தோன்றியது, அதைத் தள்ளிவிடப் பார்த்தாள், போகவில்லை. இந்தக் கடிகாரம் எனக்கு எதற்கு? பாக்கியநாதன் கேட்பதைக் கொடுக்கக் கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளே, அதில் கடிகாரத்தின் மேல் ஆசை எவ்வளவு, அவன் மேல் கோபம் எவ்வளவு? வைத்துக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை முக்காலியில் ஏறவேண்டும், அதற்கடுத்த சனிக்கிழமையும் ஏறவேண்டும். ஓட வைத்தது இதைக் காப்பாற்ற அல்ல. இது துக்கத்தில் நின்றது என்கிற பொய்யை நிறுத்த. அது நடந்துவிட்டது, தெருவே பதினெட்டு அடி கேட்டிருக்கும். எடுத்துக்கொண்டு போகட்டும். என்னைத்தான் எடுத்துக்கொண்டு போக முடியாது. அப்படி நினைத்ததும் முதுகு நிமிர்ந்தது, முப்பது நாளில் முதல் தடவையாய்ப் பசித்தது. அடுப்படிக்குப் போய் இரண்டு ரஸ்க்கை எடுத்து நின்றபடியே தின்றாள்.

வேன் வந்து நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படி ஏறின பாக்கியநாதன் ஏறின இடத்திலேயே நின்றான், பின்னால் வந்த சுமைதூக்கிகள் இரண்டு பேரும் அவன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மதினி, ஓடுதே."

"ஓடுது. சாய்ஞ்சு நின்னுது தம்பி, அட்டை வச்சேன்."

"யாரு, ரிப்பேர்காரன் யாரும் வந்தானா?"

"நாந்தான் வச்சேன். உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. குனிந்து இடக்காலைப் பார்த்தான், அட்டையில் மாத்திரையின் பெயர் பாதி தெரிந்தது. நிமிர்ந்தபோது அவன் முகம் வாடியிருந்தது. அறுபத்திரண்டு வயது ஆம்பிளை, அண்ணனுக்காக முப்பது நாள் தாடி எடுக்காமல் இருப்பவன், அவனிடமிருந்து எதையோ பிடுங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. "அண்ணன் சாவி குடுத்த கை விசேஷம் மதினி, அதான் இன்னும் ஓடுது" என்றான், குரல் இறங்கியிருந்தது. விட்டுவிடலாம். பதினான்கு வருஷம் விட்டதுபோல் இதையும் விட்டுவிடலாம், செத்தவரின் மானம், யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான் நஷ்டம்.

"உங்க அண்ணனுக்கு வலது தோள் ஏறாது. பதினாலு வருஷமா நாந்தான் சாவி குடுத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை, கதவைச் சாத்திக்கிட்டு. நீங்க ஞாயித்துக்கிழமை பாத்தது கடைசி மூணு சுத்து. அவரு செத்தது அஞ்சு நாப்பதுக்கு, பதினொண்ணு இருபதுக்கு இல்ல. இது நின்னது நீங்க பெண்டுலத்தைக் கழட்டாமத் தூக்கினதுனால."

பாக்கியநாதன் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து கடிகாரச் சாவியை எடுத்துப் பார்த்தான், ஜெபம் பண்ணின சாவி. பிறகு, "எனக்கும் தோள்பட்டை வலி இருக்கு மதினி" என்றான், ரயிலை மறந்துவிட்டு. "சனிக்கிழமை ஆட்டோ அனுப்பினா வந்து குடுத்துட்டுப் போவீங்களா? யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஜாய்ஸ் கையில குடுங்க."

"ஜாய்ஸா? அவ பொம்பள."

"நான் யாரு?"

உங்கள் பெண்டாட்டி ஜாய்ஸுக்குக் கை இல்லையா என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டாள், கேட்டது போதும். எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்தாள். பித்தளைத் தட்டை உள்ளங்கையால் நிறுத்தினாள், சத்தம் நின்றது. முதலில் ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாய்க் கொக்கியிலிருந்து எடுத்துச் சுமைதூக்கிகளிடம் கொடுத்தாள், அப்புறம் பெண்டுலத்தை மேலே தூக்கி, அது தொங்குகிற மெல்லிய தகட்டை மடங்காமல் கழற்றி, நிமிர்த்துப் பிடித்துப் பாக்கியநாதன் கையில் வைத்தாள். "படுக்கப் போடாம மடியில வச்சிக்கிட்டுப் போங்க. அங்க சுவரோட சேத்துத் திருகாணி போட்டுறணும், இல்லேன்னா நிக்கும், அதுக்கும் ஒரு கதை கட்டிராதீங்க." நெட்டையன் இரண்டு பேர் தோளில் படி இறங்கிப் போனது. அது முன்பு நின்ற இடத்துச் சுவரில் சுண்ணாம்பு படாத நீளக் கட்டம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"உங்க பெட்டியும் வேன்ல ஏத்திரட்டுமா?" என்றான் பாக்கியநாதன். "ரயிலுக்கு நேரமாயிரும்."

"நான் வரல."

"ரூபன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பேசிக்கிடுதேன்."

"மதினி, அடம் பிடிக்காதீங்க. ஒரு நாளைக்கு விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

"விழுவேன் தம்பி" என்றாள். "போன வாரம்கூட விழப் பாத்தேன். கோயம்புத்தூர்லயும் விழுவேன். அங்க எட்டாவது மாடி, காலையில ரெண்டு பேரும் ஆபீஸ் போனா சாயங்காலந்தான் வருவாங்க. அங்க மட்டும் யாருக்குத் தெரியும்?" வேனில் சாமானைக் கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த சுமைதூக்கிகளைப் பார்த்து, உள்ளறைக் கட்டிலைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டு வரச் சொன்னாள். கடிகாரம் நின்ற இடத்தில், தெரு ஜன்னலை ஒட்டி. அவர்கள் பாக்கியநாதனைப் பார்த்தார்கள். அவன் மடியில் பெண்டுலத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில் வந்தது. "தலைமாடு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டான் ஒருத்தன். ஜன்னல் பக்கம் என்று சொல்லிவிட்டு, திரையை முழுக்க ஒதுக்கினாள். எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கும் இசக்கியம்மா, மணிச் சத்தம் கேட்டதிலிருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, ஊருக்குப் போகலியா?"

"போகல. நீ காலையில எத்தனை மணிக்கு வண்டி திறப்ப?"

"ஆறு மணிக்கு."

"திறந்ததும் இந்த ஜன்னலைத் தட்டு, தெனமும். நான் என்னன்னு கேக்கலேன்னா கதவை உடைச்சிட்டு உள்ள வா."

இசக்கியம்மா தெருக்கதவை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். "உடைக்கதா? தேக்கு மரம்லா டீச்சரம்மா, நான் ஒருத்தி எங்க உடைக்க?"

பாக்கியநாதன் பெண்டுலத்தைக் கட்டில்மேல் சாய்க்காமல் ஒரு கையில் நிமிர்த்துப் பிடித்துக்கொண்டே எழுந்தான். பூட்டிப் போடுவதற்காக நேற்று அவனிடம் கொடுத்து வைத்திருந்த வீட்டின் இரண்டாவது சாவியை இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தான். அதை மதினியிடம் கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு ஊடே கையை நீட்டி, இசக்கியம்மாவிடம் கொடுத்தான்.